கிழட்டுக் குரங்கின் கடைவாய்ப் பல்

என் கணவரின் அக்காவுக்குக் கோணல் என்றால் ஆகாது. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் தலையணைக்கு உறை மாட்டிவிட்டு இந்தப் பக்கம் திரும்புவேன். அந்தப் பக்கம் அவர் வந்து உறையின் மூலையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருப்பார். சுவரில் படம் மாட்டினால் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். வெங்காயம் நறுக்கினாலும் துண்டெல்லாம் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானே அண்ணி" என்பேன். "போற வரைக்கும் பாக்க லட்சணமா இருக்கட்டுமே" என்பார். அவரோடு சண்டை போடுவதே கஷ்டம். குரல் உயரவே உயராது.

அண்ணி என்று கூப்பிடுவது நான் மட்டும்தான். வேலை பார்க்கும் இடத்தில் அவருக்குப் பெயர் பல்லக்கா. பொருத்தமான பெயர்தான். வாழ்நாள் முழுக்கப் பல்லோடுதான் கிடந்தார். முதலில் மனிதர் பல், அப்புறம் குரங்குப் பல்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது படியில் தடுக்கி விழுந்து முன்பல் பாதியாக உடைந்துவிட்டது. அன்றிலிருந்து வகுப்பில் அவர் பெயர் பொக்கை. சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும். பழைய புகைப்படங்களில் ஒன்றில்கூட உதடு பிரிந்திருக்காது. வந்து போகிற உறவுக்காரர்கள் "எவ்வளவு அடக்கமான பொண்ணு" என்று மெச்சினார்களாம். அடக்கமாவது ஒன்றாவது, வெட்கம்! அந்த வெட்கம்தான் அவரைப் பல் லேபில் வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து நோயாளிகளுக்கு, உடைந்த பல்லுக்கு மேல் உறைபோல் மாட்டும் கேப்பும் பல் செட்டும் செய்து தரும் இடம் அது. கை படிந்ததும் அண்ணி முதல் காரியமாகத் தன் முன்பல்லுக்கு ஒரு கேப் செய்து போட்டுக்கொண்டார்.

இதெல்லாம் அவராகச் சொன்னதில்லை, பிறகு என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் சாப்பிடும்போது அந்தக் கேப் கழன்று வந்துவிட்டது. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர், டாக்டரிடம் போய் ஒட்டிக்கொண்டு வரும்வரை எங்களுக்கு முகம் காட்டவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தே பேசினார். நான் தட்டில் சாப்பாடு கொண்டுபோனபோதும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டுதான் வாங்கினார். கூடவே வாழ்கிற என்னிடமே இந்தக் கூச்சம் என்றால், ஊர் முன்னால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பல் லேபில் கடைசி வருடங்களில் எல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. நோயாளியின் வாயை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். உடைந்த பல் இடது பக்கம் என்றால், வலது பக்கத்துப் பல்லைக் கண்ணாடியில் திருப்பினாற்போல் திருப்பி அந்த இடத்தில் பொருத்தலாம். இரண்டு பக்கமும் போய்விட்டதென்றால் கம்ப்யூட்டரிலேயே நல்ல பற்களின் சேமிப்பு ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒன்றை எடுத்து வைத்து, விளிம்பைத் தேய்த்து ஒட்டு தெரியாமல் செய்யலாம். அண்ணி செய்த பல்லில் ஒட்டு எங்கே என்று டாக்டர்களாலேயே கண்டுபிடிக்க முடியாதாம். லேப் முதலாளி தொழிலை மூடிக்கொண்டு மகனோடு போய்விட்டபோது, பல்கலைக்கழகத்தில் விலங்குகளைப் பற்றிப் படிக்கும் துறையில் ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்து இவர் போய் நின்றார். பல்லும் தெரியும், கம்ப்யூட்டரில் பல்லைத் திருப்பவும் தெரியும். அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே என்ன வேலை என்று சமையலறையில் நின்று எனக்கு விளக்குவார். குரங்கு மண்டை ஓடுகளிலிருந்து ரப்பர் அச்சு எடுத்து, அதில் இறுகிப்போகும் பிசினை ஊற்றிப் பல்லின் நகல் செய்து, தட்டுத் தட்டாக வைத்திருப்பார்கள். அந்த நகலை ஸ்கேன் செய்தால் கம்ப்யூட்டரில் ஒரு பல் வரும். கிட்டப் போய்ப் பார்த்தால் அது முழுக்கக் குட்டிக் குட்டி முக்கோணங்களால் பின்னிய வலை. இவர் அந்த வலையைச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும். அதன்பிறகு கம்ப்யூட்டர் அளக்கும்.

"ஒரு மலைய நெனச்சுக்கோ" என்பார். "எவ்வளவு உயரம், எத்தனை சரிவு, உச்சி எவ்வளவு கூர்னு அளக்கிற மாதிரிதான். எல திங்கிற குரங்குக்குப் பல்லு கத்தரிக்கோல் மாதிரி இருக்கும். பழம் திங்கிறதுக்கு மொழுமொழுன்னு இருக்கும். பல்ல அளந்தா என்ன தின்னுச்சுன்னு சொல்லிடலாம்."

"தின்னும்போது எட்டிப் பாத்தா போதாதா?"

"செத்துப்போன குரங்க எங்க போய் எட்டிப் பாக்கிறது?"

அந்தத் துறையில் ஒரு ஆய்வு மாணவி இருந்தாள். ஒல்லியான பெண், பேச்சு பாதி வாய்க்குள்ளேயே நிற்கும் அளவுக்கு வேகம். அண்ணி அவளுக்குப் புயல் என்று பெயர் வைத்திருந்தார். புயலின் கேள்வி எனக்கே புரிந்தது. இலை தின்னும் குரங்குக்கு வயதானால் பல் தேயும். தேய்ந்தால் இலையை நறுக்க முடியாது. அப்படியானால் கிழட்டுக் குரங்குகள் என்ன செய்கின்றன, கூர் குறைந்துதான் போகிறதா? அதற்காக ஒரே வகைக் குரங்கில் குட்டியிலிருந்து கிழடு வரைக்கும் பற்களைச் சேர்த்து அளந்தாள்.

முதல் நாளே அவள் அண்ணியிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள்: "அக்கா, ஸ்கேனர்ல வெளிச்சம் பட்டுச் சில எடத்துல வலையில ஓட்டை விழும். அத மட்டும் அடச்சிடுங்க. பல்லே ஒடஞ்சிருந்தா தொடாதீங்க, தனியா எடுத்து வச்சிடுங்க. தேஞ்சது தேஞ்சபடியே இருக்கட்டும்." அண்ணியும் தலையாட்டியிருக்கிறார்.

தலை ஆடியது. கை கேட்கவில்லை. இத்தனை வருடம் உடைந்த பல்லைக் கண்டால் கட்டி எழுப்பிய கை அது. முதலில் ஓட்டையை மட்டும்தான் அடைத்தார். ஓட்டைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சில்லு போயிருக்கும். அதையும் சேர்த்து நிரவினார். அப்புறம் பாதி முகடு போன பல் ஒன்று வந்தது. பாவம், இதை எதற்கு ஒதுக்குவது என்று மறுபக்கத்துப் பல்லைத் திருப்பி வைத்தார். இரண்டு பக்கமும் போன கிழடுகளுக்கு ஒரு இளம் குரங்கின் பல்லை எடுத்துப் பொருத்தினார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லவும் செய்தார்: "இன்னிக்கு ஒரு கிழவிக்குப் பல்லு கட்டினேன்."

"குரங்குக் கிழவிக்கா?" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு. தப்பு நடக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

புயலுக்குக் கிடைத்த விடையோ யாரும் எதிர்பாராதது. அந்தக் குரங்குகளுக்கு வயதானாலும் பல்லின் கூர் குறையவே இல்லை! துறையே தலைகால் புரியாமல் ஆடியது. வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்று இந்த முடிவைக் கேள்விப்பட்டு, படிப்பு முடிந்ததும் எங்களிடம் வந்து ஆராய்ச்சி செய் என்று புயலுக்கு இடம் கொடுத்துவிட்டது. எங்கெங்கிருந்தோ பேராசிரியர்கள் வரும் கூட்டத்தில் அவள் பேசப்போகிறாள், வீட்டாரையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறாள் என்று அண்ணி வந்து சொன்னார். நான் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். தையல்காரம்மாவிடம், மருந்துக்கடைக்காரரிடம், மாடிக்குக் குடிவந்து சாமான்கூடப் பிரிக்காதவர்களிடம்கூட.

அரங்கில் நடு வரிசையில் உட்கார்ந்தோம். புயல் மேடையேறி, மூச்சுவிடாமல் பேசி, சுவர் முழுக்க ஒரு பல்லைக் காட்டினாள். கூரான இடமெல்லாம் சிவப்பு, மழுங்கின இடமெல்லாம் நீலம். "இது எங்ககிட்ட இருக்கிறதுலயே ரொம்ப வயசான பெண் குரங்கு. பாருங்க, முகடு எவ்வளவு செவப்பா இருக்குன்னு!" என்றாள். அழகான பல்தான். எனக்கே அப்படி ஒரு பல் இருந்தால் தேவலை என்று தோன்றியது.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார். பெருமையில் பிடிக்கிறார் என்று நினைத்தேன். பிடி இறுகிக்கொண்டே போனது.

"இந்த மாதிரி ஒவ்வொண்ணையும் கண்ணும் கருத்துமா சுத்தம் பண்ணிக் குடுத்தது எங்க பல்லக்கா. அக்கா, ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்க" என்றாள் புயல்.

எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அண்ணி பாதி எழுந்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். கை வாய்க்குப் போனது. கூச்சப்படுகிறார் என்று கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது. நான் முகத்தைப் பார்த்தேன். அதில் ரத்தமே இல்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அந்த முகட்டுக்குப் பின்னால ஒரு சின்ன வாய்க்கால் பாத்தியா?"

"என்ன வாய்க்கால்?"

"சாப்பாடு வழுக்கிப் போறதுக்கு நான் போடுறது. லேப்ல செஞ்ச ஒவ்வொரு கடைவாய்ப் பல்லுக்கும் போடுவேன். கொரங்குக்கு அது கெடையாது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது அந்தக் கெழவியோட பல்லு இல்ல. பூராவும் என் கை. செவுத்துல அத்தனை பெருசா... எல்லாரும் கை தட்டுறாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிழடுகளுக்கெல்லாம் இவர் இளம் பல் கட்டியிருக்கிறார். பிறகு கூர் எப்படிக் குறையும்?

வீட்டில் என் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு அக்காவைத் தேற்றப் பார்த்தார். "யாருக்குக்கா தெரியப்போவுது? கொரங்கு வந்து கேஸ் போடப்போவுதா?" எனக்கு அவர் மேல் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி சிரிக்கவில்லை.

"யாருக்கும் தெரியாதுடா. அதான் அசிங்கமா இருக்கு. அந்த அளவுக்கு நல்லாப் பண்ணிருக்கேன்" என்றார்.

சொன்னால் புயலின் கண்டுபிடிப்பு போகும், அவளுக்குக் கிடைத்த இடமும் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் பொய்யைத் தலையில் சுமந்துகொண்டு வெளியூர் போவாள். இதை அண்ணி இரண்டு மூன்று விதமாக எங்களிடம் சொல்லிப் பார்த்தார், ஏதாவது ஒரு விதத்தில் சொன்னால் கணக்கு மாறிவிடும் என்பதுபோல. மாறவில்லை. விடிந்ததும் "எங்க துறை வாசல் வரைக்கும் கூட வர்றியா?" என்று கேட்டார். வாசலில் விட்டுவிட்டுத் திரும்ப எனக்கு மனம் வரவில்லை. உள்ளேயும் போனேன்.

நீளமான அறை. சுவர் ஓரமாகத் தட்டு அடுக்கிய அலமாரிகள், நடுவே கம்ப்யூட்டர்கள். புயல் ரொட்டியைக் கடித்தபடி எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி நின்றபடியே சொன்னார். முதலில் அவள் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. அப்புறம் ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"எது எதுக்குக் கட்டினீங்க அக்கா? அத மட்டும் எடுத்துட்டுப் பாக்கலாம்."

அண்ணி உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாகத் திறந்தார். பெரிதாக்கினார், திருப்பினார். முதல் பல்லில் எது தான் கட்டியது என்று சொல்லிவிட்டார். இரண்டாவதில் தயங்கினார். அதற்கப்புறம் அவருக்கே தெரியவில்லை. பல் எங்கே முடிகிறது, தன் கை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒட்டு தெரியாத கை! அந்தக் கையை வெட்டி எறிந்துவிடலாமா என்று பார்க்கிறவர்போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பரவால்ல, முதல்ல எடுத்த ஸ்கேன் இருக்கும்ல? அதோட ஒப்பிட்டா..."

"கம்ப்யூட்டர்ல எடம் பத்தலன்னு நீங்க சொன்னப்ப அதையெல்லாம் அழிச்சிட்டேன்ம்மா. முடிஞ்சது இருக்கே, இது குப்பைதானேன்னு..."

புயல் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். திட்டியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எழுந்துபோய் துறைத் தலைவியைக் கூட்டிவந்தாள். அந்த அம்மாள் முழுவதையும் நின்றபடி கேட்டார்.

"உங்கள நம்பித்தானே குடுத்தோம்" என்றார்.

அண்ணி கூனிக்குறுகி நின்றார். வேலையை விட்டுவிடுகிறேன் என்றார். "விட்டுட்டுப் போறது சுலபம். நகல் எல்லாம் தட்டுல இருக்கு. திரும்ப ஸ்கேன் பண்ணணும், மொதல்லேருந்து. நீங்களே பண்ணுங்க. இவ பக்கத்துல உக்காந்து பாப்பா" என்றார் துறைத் தலைவி.

அதன்பிறகும் அண்ணி தினமும் வேலைக்குப் போய் வந்தார். பல்லக்கா என்று கூப்பிட்டவர்கள் கூப்பிடாமல் இருக்க வழி தேடினார்கள். தேநீர் நேரத்தில் இவர் போனால் பேச்சு அறுந்துவிடும். பக்கத்து நாற்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்து இவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஓட்டையை அடைக்கும்போது, "இது ஓட்டைதானேம்மா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்வாராம். "ஓட்டைதான், அடைங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் கையை நகர்த்துவாராம். உடைந்ததெல்லாம் தனியே போனது. தேய்ந்தது தேய்ந்தபடி நின்றது. வீட்டிலோ தலையணை உறை கோணலாகக் கிடந்தாலும் தொடமாட்டார். நானே இழுத்துச் சரிசெய்தேன். என்னவோ போலிருந்தது.

தெருவில் எனக்கும் மரியாதை போனது. மருந்துக்கடைக்காரர், "என்னம்மா, குரங்குப் பல்லு எந்த மட்டுல இருக்கு?" என்று கேட்டபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கடைசியில் எல்லாம் அளந்து முடித்தபோது, வயதானால் கூர் குறைகிறது என்று வந்தது. எல்லோரும் முதலிலேயே நினைத்ததுதான். புயல் உள்ளதை உள்ளபடி வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்குச் சொன்னாள். அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அதைக் கேட்ட அன்று அண்ணி சாப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

திருத்திய முடிவைச் சொல்ல இன்னொரு கூட்டம் வைத்தார்கள். இந்தத் தடவை அரங்கம் இல்லை, வகுப்பறை. யாரும் எங்களை அழைக்கவில்லை. அண்ணி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார், பக்கத்தில் நான். புயல் சுவரில் இரண்டு படம் காட்டினாள். இடது பக்கம் அதே குரங்குக் கிழவியின் அழகான சிவப்புப் பல். வலது பக்கம் அவளுடைய உண்மையான பல்: ஒரு மூலை பெயர்ந்து, நடுவில் குழி விழுந்து, பெரும்பாலும் நீலம்.

"மாதிரிகளைச் சீர் பண்ணும்போது ஒரு தவறு நேர்ந்துடுச்சு. பழைய முடிவைத் திரும்ப எடுத்துக்கறோம்" என்று மட்டும் சொன்னாள். யார், என்ன என்று ஒரு வார்த்தை இல்லை. அவள் வேகமாகத் தாண்டிப் போகத்தான் பார்த்தாள். முன் வரிசையில் இருந்த நரைத்த தாடிப் பேராசிரியர் விடவில்லை.

"தவறு தானா நேராது. யார் செஞ்சது?"

புயல் காகிதங்களைப் புரட்டினாள். பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. அண்ணி எழுந்து நின்றிருந்தார்.

"நான்தான் சார்."

"ஏன் அப்படி செஞ்சீங்க?"

"ஒடஞ்சு கெடந்துச்சு. பாக்கப் பொறுக்கல."

யாரோ சிரித்தார்கள். அது பரவியது. குரங்குக்குப் பல் கட்டிய கதையை இனி இவர்கள் எங்கெங்கே சொல்லிச் சிரிப்பார்களோ. போய் அத்தனை பேர் வாயையும் மூடலாம் போல இருந்தது எனக்கு. அண்ணியின் கை எழுந்தது. பாதியில் நின்று, கீழே இறங்கி, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"திரும்ப சரி பண்ணது யாரு?"

"அதுவும் நான்தான்."

தாடிக்காரர் நாற்காலியை முழுவதும் திருப்பிப் போட்டுக்கொண்டார். "அப்ப இத மட்டும் நாங்க எப்படி நம்புறது?"

சிரிப்பு நின்றுவிட்டது.

"நம்பாதீங்க சார்" என்றார் அண்ணி. "நகல் எல்லாம் தட்டுல இருக்கு. இந்தத் தடவ ஸ்கேன் எதையும் அழிக்கல. நீங்களே எடுத்து அளந்து பாத்துக்குங்க."

அவர் தலையை அசைத்து எதையோ குறித்துக்கொண்டார். புயல் அடுத்த படத்துக்குப் போனாள். அண்ணி உட்கார்ந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஏறினோம். எனக்குத்தான் பொறுக்காது.

"இன்னும் வெக்கமா இருக்கா அண்ணி?"

"இருக்காதா? சாகுற வரைக்கும் இருக்கும்." அப்புறம், "அந்தக் கெழவியப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"ஒடஞ்ச பல்லோட, அத்தனை பேருக்கு முன்னால. அந்தப் பல்ல வச்சுக்கிட்டுத்தான் கடைசி வரைக்கும் எலையத் தின்னிருக்கா. அவளுக்கு ஒரு வெக்கமும் இல்ல. எல்லாம் எனக்குத்தான் இருந்திருக்கு" என்றார் அண்ணி.